வாயில் வருவது தாளில் வராத பிள்ளை: பள்ளி மதிப்பீட்டைக் கேட்பதும் வாசிப்பதும்

"கெட்டிக்காரப் பிள்ளைதான், ஆனா எழுதச் சொன்னா நின்னுடறா" என்று பள்ளியில் போய்ச் சொல்லிப் பாருங்கள். "மார்க் நல்லாத்தானே வருது?" என்பார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. மார்க் வரத்தான் செய்கிறது. அதை வாங்கப் பிள்ளை எத்தனை மணி நேரம் மல்லுக்கட்டியது, தெரிந்த பதிலில் எவ்வளவை எழுதாமல் விட்டது என்று குறிக்கத்தான் மார்க் ஷீட்டில் கட்டம் கிடையாது. பிள்ளையின் திறன்களைத் தனித்தனியாகச் சோதித்துப் பார்க்கும் மதிப்பீட்டைப் பள்ளியிடம் கேட்பது அந்தக் கட்டத்தைப் போட வைக்கத்தான்.

நான் தணிக்கை வேலை பார்க்கிறவள். கூட்டுத்தொகை ஒன்றைக் கண்டால், அதற்கு மேலே இருக்கும் வரிகளைப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டேன். மகள் நான்காம் வகுப்பில் இருந்தபோது அவளுக்காக இந்த வேலையில் இறங்கினேன். உளவியல் ஒரு பாடமும் படித்ததில்லை. தொழிலில் வந்த இந்தச் சந்தேகபுத்திதான் உதவியது. கெட்டிக்காரப் பிள்ளைக்கு எதிரி சராசரிதான். மிக உயர்ந்த ஓர் எண்ணையும் மிகத் தாழ்ந்த ஓர் எண்ணையும் கூட்டி வகுத்தால் "நார்மல்" என்று ஒன்று வரும். உதவி கேட்டுப் போகும் கதவு அந்த "நார்மல்" என்ற சொல்லோடு மூடிவிடும்.

எதைச் சந்தேகப்படுகிறோம்?

கையெழுத்து மோசம் என்பது காய்ச்சல் மாதிரி. உள்ளே என்ன என்று அது சொல்லாது. விரல்களுக்குக் கட்டுப்பாடு போதாமல் இருக்கலாம். கண் பார்த்ததைக் கை வரைவதில் தடங்கல் இருக்கலாம். எழுத்தின் வடிவம் யோசிக்காமல் தானாக வராமல், ஒவ்வொன்றையும் நினைத்து நினைத்துப் போட வேண்டியிருக்கலாம். கை நன்றாக இருந்தும் எழுத்துக்கூட்டலில் தடுக்கலாம். எல்லாம் இருந்தும், எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்கலாம். இவற்றோடு கவனக்குறைவோ பதற்றமோ சேர்ந்தும் வரும்.

இதைப் பிரித்துப் பார்ப்பது வெறும் ஆராய்ச்சி ஆசை அல்ல. பெயரைப் பொறுத்துத்தான் உதவி. எழுதுவதில் வரும் குறைபாட்டுக்கு எல்லோர் வாயிலும் வரும் டிஸ்கிராஃபியா என்ற சொல், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 என்ற நோயறிதல் கையேட்டில் தனி நோயறிதலாக இல்லை. எழுத்துக்கூட்டல், இலக்கணம், கருத்தை ஒழுங்காக அமைப்பது ஆகியவற்றில் வரும் சிக்கல் அங்கே குறிப்பிட்ட கற்றல் குறைபாடு என்ற தலைப்பின் கீழ் வருகிறது. கையின் இயக்கச் சிக்கல் இன்னொரு தலைப்பு. அதற்கு வளர்ச்சி ஒருங்கிணைப்புக் குறைபாடு என்று பெயர். ஒரே நோட்டுப் புத்தகத்துக்கு இரண்டில் எந்தப் பெயரும் வரலாம், இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

அதே நூலில் பெற்றோருக்கு மிகவும் பயன்படும் ஒரு விளக்கம் உண்டு. அசாதாரணமான உழைப்பாலோ அசாதாரணமான உதவியாலோ மட்டுமே பிள்ளையின் மதிப்பெண் சராசரியில் நிற்கிறது என்றால், அதையும் குறைபாட்டுக்கான அடையாளமாகக் கொள்ளலாம். "மார்க் நல்லா வருதே" என்பவர்களுக்கு நான் காட்டுவது இதைத்தான். ஆகவே மார்க்கை விட்டுவிடுங்கள். உழைப்பை அளக்கத் தொடங்குங்கள்.

வீட்டிலேயே அளந்துவிட்டுப் போங்கள்

கையை வீசிக்கொண்டு பள்ளிக்குப் போனால் "பார்க்கலாம்" என்ற பதில்தான் கிடைக்கும். தாளோடு போனால் உட்காரச் சொல்வார்கள். கீழே உள்ள சோதனைகளுக்கு ஒரு போனும் கடிகாரமும் போதும். ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்ய வேண்டாம். சோர்ந்திருக்கும் பிள்ளையை எழுதவைத்து அளந்தால் சோர்வைத்தான் அளப்பீர்கள்.

முதலாவது, பேச்சும் எழுத்தும். பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விஷயத்தைச் சொல்லச் சொல்லி போனில் பதிவு செய்யுங்கள். மறுநாள் அதே போன்ற இன்னொரு விஷயத்தைப் பத்து நிமிடம் எழுதச் சொல்லுங்கள். இரண்டிலும் சொற்களை எண்ணுங்கள். கிரகணம் எப்படி வருகிறது என்று என் மகள் இரண்டு நிமிடத்தில் 160 சொற்களுக்கு மேல் பேசினாள். எரிமலை பற்றிப் பத்து நிமிடத்தில் 31 சொற்கள் எழுதினாள். பேச்சில் இருந்த "ஏனென்றால்", "அதனால்தான்" எதுவும் எழுத்தில் இல்லை. எழுத வரும் சொற்களை வைத்தே வாக்கியத்தை அமைத்திருந்தாள். நிலா, பூமி, சூரியன் என்று ஒரே நேர்க்கோட்டில் கையை வைத்துக் காட்டிய பெண், தாளில் "எரிமலை சூடு. அது வெடிக்கும்" என்று முடித்திருந்தாள். மொத்த விசாரணையிலும் இதைவிட வலுவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

இரண்டாவது, பார்த்து எழுதுவதும் யோசித்து எழுதுவதும். ஒரு பத்தியைப் பக்கத்தில் வைத்து ஐந்து நிமிடம் பார்த்து எழுதவிடுங்கள். அதுவும் ஆமைவேகம் என்றால் கைப் பக்கமோ கண் பக்கமோ தேடவேண்டும். பார்த்து எழுதுவது சரளமாக ஓடி, சொந்தமாக எழுதும்போது மட்டும் நின்றால் மொழி, திட்டமிடல், கவனம் ஆகியவற்றின் பக்கம் தேடவேண்டும். பக்கத்தில் இருப்பதை எழுதிவிடுகிறது, பலகையில் இருப்பதை எழுதத் திணறுகிறது என்றால் முதலில் கண் மருத்துவர். தூரப் பார்வையை மட்டும் பார்த்து அனுப்பிவிடாமல், கிட்டத்தில் இரண்டு கண்களும் சேர்ந்து குவிகின்றனவா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, எழுத்துக்கூட்டலை வாயால் கேளுங்கள். அதே சொற்களை எழுதவும் சொல்லுங்கள். வாயால் சரி, தாளில் தப்பு என்றால் கை தன் வேலைக்கே முழுக்கவனத்தையும் இழுத்துக்கொள்கிறது என்று பொருள். இரண்டிலும் ண-ன, ர-ற குழம்பினால் அது வேறு கதை, எழுத்துக்கூட்டலிலேயே சிக்கல்.

நான்காவதற்கு அளவுகோல் இல்லை, வெறுமனே பார்க்க வேண்டும். பிள்ளை எழுதும்போது எதிரே உட்காராமல் பக்கவாட்டில் உட்காருங்கள். பென்சிலை எவ்வளவு அழுத்துகிறது, எத்தனை தடவை அழிக்கிறது, கையை எப்போது உதறுகிறது, எழுத்தை எங்கிருந்து தொடங்குகிறது? என் மகள் "கொ" எழுதும்போது கொம்பை விட்டுவிட்டு முதலில் "க" போடுவாள். பிறகு முந்தைய எழுத்துக்கும் அதற்கும் இடையே உள்ள சந்தில் கொம்பைச் செருகுவாள். எழுதி முடித்த தாளைப் பார்த்தால் இடைவெளி சரியில்லை என்று மட்டும்தான் தெரியும். எழுதும் வரிசையே பிசகுகிறது என்பது பக்கத்தில் உட்கார்ந்தால்தான் தெரியும். பென்சில் பிடிக்கும் விதத்தைப் பற்றி மட்டும் ரொம்பக் கவலைப்படாதீர்கள். விரல்பிடியில் பலவகை உண்டு. வலிக்காமல், வேகம் குறையாமல் எழுத முடிந்தால் பிடி விநோதமாக இருப்பது ஒரு குற்றமில்லை.

வீட்டுப்பாட நேரத்தையும் சில வாரங்களுக்குக் குறித்து வையுங்கள். எதற்கு உட்கார்ந்தாள், எத்தனை மணிக்கு முடித்தாள், நடுவில் நீங்கள் என்ன உதவி செய்தீர்கள். இந்தக் கடைசிக் குறிப்பு முக்கியம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து "அப்புறம் என்ன? அதை எழுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தால், தாளில் இருப்பது பாதி அம்மாவின் வேலை. பள்ளி பார்ப்பது அந்தத் தாளைத்தான். திருத்தாத, உதவாத, தேதி போட்ட தாள்களைத் தனியாக எடுத்து வையுங்கள்.

கேட்பதை எழுத்தில் கேளுங்கள்

வாசலில் நின்று டீச்சரிடம் சொல்வது பேச்சு, விண்ணப்பம் அல்ல. ஒவ்வொரு நாட்டிலும் விதிகள் வேறு, காலக்கெடுவும் வேறு. ஆனால் தேதி போட்டு எழுதிக் கொடுத்த கடிதத்துக்கு எங்கேயும் ஒரு மதிப்பு உண்டு. ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை 2006-இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதன் 24-ஆவது பிரிவு, கல்வியில் அவரவர் தேவைக்கேற்ற நியாயமான ஏற்பாடுகளைச் செய்யச் சொல்கிறது. கடிதத்தில் அதை எழுதி மிரட்ட வேண்டியதில்லை. நீங்கள் சலுகை கேட்டுப் போகவில்லை என்ற தெளிவு உங்களுக்கு இருந்தால் போதும்.

நான் கொடுத்த கடிதம் ஏறக்குறைய இப்படி இருந்தது:

*"மதிப்புக்குரிய தலைமையாசிரியருக்கு, நான்காம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கு முழுமையான கல்வி மதிப்பீடு செய்ய வேண்டுகிறேன். அவள் வாய்மொழியாகச் சொல்லும் பதிலுக்கும் எழுதும் பதிலுக்கும் பெரிய இடைவெளி உள்ளது. வீட்டில் எடுத்த பதிவுகள், தேதியிட்ட எழுத்து மாதிரிகள், வீட்டுப்பாட நேரக் குறிப்பு ஆகியவற்றை இணைத்துள்ளேன். அறிவுத்திறன், வாசிப்பு, எழுத்து, கணிதம், நுண் இயக்கத் திறன், பார்வை-இயக்க ஒருங்கிணைப்பு, செயலாக்க வேகம், கவனம் ஆகிய ஒவ்வொன்றையும் மதிப்பிடக் கோருகிறேன். மொத்த மதிப்பெண்ணோடு ஒவ்வொரு பிரிவின் மதிப்பெண்ணும் அறிக்கையில் தனித்தனியாக இடம்பெற வேண்டும். மதிப்பீடு தேவையில்லை என்று பள்ளி கருதினால் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்."*

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். "வேண்டாம்" என்று வாயால் சொல்வது எளிது. காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றால் இன்னொரு தடவை யோசிப்பார்கள். கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்ட தேதியை வாங்கிக்கொள்ளுங்கள். மின்னஞ்சல் என்றால் அந்தக் கவலையே இல்லை.

"சோம்பேறி", "அக்கறை இல்லை" போன்ற சொற்கள் வகுப்பாசிரியரிடமிருந்து வந்தால் சண்டைக்குப் போக வேண்டாம். "எந்தப் பாடத்துல மிஸ் அப்படித் தெரியுது? வாய்க்கணக்குலயும் அப்படித்தானா?" என்று கேளுங்கள். எழுதும் இடத்தில் மட்டும் வரும் சோம்பல் குணமாக இருக்க முடியாது என்பது பதில் சொல்லும்போது அவருக்கே பிடிபடும். அந்த உரையாடலுக்குப் பிறகு எங்கள் பக்கம் பேசியவரே அந்த ஆசிரியைதான்.

என்ன பரிசோதனைகள், எதற்கு

அறிவுத்திறனுக்குப் பல இடங்களில் பயன்படுத்துவது விஸ்க் என்ற வெக்ஸ்லர் அளவுகோல். அதன் ஐந்தாம் பதிப்பு 2014-இல் வந்தது. ஆறு வயது முதல் பதினாறு வயது வரை உள்ளவர்களுக்கு. அதில் ஐந்து பிரிவுகள்: சொல்வழிப் புரிதல், பார்வை-இடஞ்சார் திறன் (வடிவங்களைப் பார்த்துப் புரிந்துகொள்வது), தர்க்கம், வேலை நினைவு (ஒன்றை மனதில் பிடித்துக்கொண்டே வேலை செய்வது), செயலாக்க வேகம் (எளிய வேலையை எவ்வளவு வேகமாகச் செய்வது). நம் பிள்ளைகளுக்குக் கடைசிப் பிரிவுதான் கண்டம். அதில் கோடிங் என்ற ஒரு சோதனை உண்டு. ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு குறி. இரண்டு நிமிடத்துக்குள் எத்தனை குறிகளைக் கையால் வரைய முடிகிறது என்று பார்ப்பார்கள். இன்னொன்று சிம்பல் சர்ச். கொடுத்த குறி வரிசையில் இருக்கிறதா என்று தேடிக் கோடு போட்டால் போதும், வரைய வேண்டியதில்லை. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

கைக்கு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது எழுதுவது போன்ற அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தரும் சிகிச்சையாளர், வேண்டும். அவர்கள் பெரும்பாலும் பீரி விஎம்ஐ என்ற சோதனையைச் செய்வார்கள். வடிவங்களைப் பார்த்து வரைவது முதல் பகுதி. பார்வையை மட்டும் சோதிப்பது இரண்டாவது, கையை மட்டும் சோதிப்பது மூன்றாவது. முதல் பகுதியில் மட்டும் சறுக்கினால் கண்ணும் கையும் சேரும் இடத்தில் பிரச்சினை. ஆகவே மூன்றையும் செய்யச் சொல்லிக் கேளுங்கள். நேரம் போதவில்லை என்று முதல் பகுதியோடு நிறுத்திவிடுவது உண்டு. எழுதும் வேகத்துக்கு டேஷ் என்ற தனிச் சோதனை இருக்கிறது. அது ஆங்கில எழுத்துகளுக்கு உரியது. அதில் பார்த்து எழுதுவது, அகரவரிசையை நினைவிலிருந்து எழுதுவது, பத்து நிமிடம் சொந்தமாக எழுதுவது எல்லாம் உண்டு. வீட்டில் நீங்கள் செய்து பார்த்ததன் நெறிப்படுத்தப்பட்ட வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கல்வித் திறன் சோதனைகளில் ஒரு விஷயத்தை முன்கூட்டியே கேளுங்கள்: எழுத்துப் பகுதியில் பிள்ளை உண்மையில் பத்தி எழுதுமா, அல்லது சொல்லெழுதுதலும் ஒற்றை வாக்கியங்களும் மட்டும்தானா? ஒற்றை வாக்கியத்தைக் கெட்டிக்காரப் பிள்ளை எப்படியும் சமாளித்துவிடும். தடுமாற்றம் மூன்றாவது வாக்கியத்தில்தான் தெரியும். கணக்கிலும் அப்படியே, நேரம் குறித்த சோதனை, குறிக்காத சோதனை இரண்டும் வேண்டும்.

வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்று வளரும் பிள்ளையாக இருந்தால் அதைச் சோதிப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்வழிப் புரிதலில் வரும் எண் அதனால் குறைந்திருக்கலாம். அப்படியானால் அந்தச் சந்தேகம் அறிக்கையில் பதிவாக வேண்டும்.

பள்ளியில் நடக்காமல் தனியாரிடம் போகிறீர்கள் என்றால், பணம் கட்டும் முன் கேளுங்கள்: உட்சோதனை எண்கள் (கோடிங் போல ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் வரும் சிறு சோதனைகளின் எண்கள்) முழுவதையும் அறிக்கையில் தருவீர்களா, வகுப்பறையில் வந்து பார்ப்பீர்களா அல்லது ஆசிரியருக்குக் கேள்வித்தாளாவது அனுப்புவீர்களா, பள்ளிக் கூட்டத்துக்கு வருவீர்களா? முதல் கேள்விக்கே மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள்.

சோதனை நாள்

பயிற்சி கொடுத்துக் கூட்டிப்போகாதீர்கள். இணையத்தில் மாதிரித் தாள்கள் கிடைக்கும். அவற்றைத் தொட்டால் முடிவு கெட்டுவிடும். இதே காரணத்தால், அண்மையில் செய்த சோதனையை உடனே இன்னொருவரிடம் செய்யவும் கூடாது. முன்பு எங்காவது செய்திருந்தால் எந்தச் சோதனை, எப்போது என்று சொல்லிவிடுங்கள்.

பிள்ளையிடம் என்ன சொல்வது? "உனக்குத் தெரிஞ்சது எல்லாம் ஏன் தாள்ல வரமாட்டேங்குதுன்னு கண்டுபிடிக்கப் போறோம். சிலது ரொம்ப லேசா இருக்கும், சிலது யாராலயும் முடிக்க முடியாது. பாஸ், ஃபெயில் கிடையாது" என்று சொன்னேன். "அப்போ நான் மக்கு இல்லையா?" என்று கேட்டாள். அவள் அப்படி ஓர் எண்ணத்தோடு திரிந்துகொண்டிருந்தது எனக்கு அன்றுதான் தெரியும். உங்கள் பிள்ளையும் வைத்திருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

தூக்கம், சாப்பாடு, கண்ணாடி. எல்லாச் சோதனைகளையும் ஒரே அமர்வில் அடைக்க வேண்டாம் என்று கேளுங்கள். எழுத்துச் சோதனைகளை ஒன்றன்பின் ஒன்றாக வைக்காமல் நடுவில் வாய்மொழிச் சோதனைகளை வைத்தால், ஓய்ந்த கையின் எண்ணா, உண்மையான கையின் எண்ணா என்ற குழப்பம் வராது. எண் மட்டும் போதாது, பிள்ளை எப்படி வேலை செய்தது என்றும் எழுதச் சொல்லுங்கள். மெதுவாகச் செய்ததா, அல்லது வேகமாகச் செய்து அழித்து அழித்துத் திரும்பப் போட்டதா? இரண்டுக்கும் ஒரே எண் வரும். முன்னது வேகம், பின்னது பதற்றமோ பூரணம் தேடும் பிடிவாதமோ.

அறிக்கையைப் பின்னாலிருந்து வாசியுங்கள்

சுருக்கத்தை முதலில் வாசித்தால் அந்தக் கண்ணோடுதான் எண்களைப் பார்ப்பீர்கள். நான் கடைசிப் பக்க அட்டவணையிலிருந்து தொடங்கினேன். பிரிவு எண்களுக்கு நடு 100. 85-லிருந்து 115 வரை பெரும்பாலான பிள்ளைகள் அடங்கிவிடுவார்கள். உட்சோதனைகளுக்கு நடு 10. பெர்சென்டைல் என்பது சதவீத மார்க் அல்ல. அதே வயதுப் பிள்ளைகள் நூறு பேரை நிறுத்தினால் எத்தனை பேர் இவளுக்குச் சமமாகவோ கீழாகவோ இருப்பார்கள் என்பது. 9 என்றால் நூற்றுக்கு ஒன்பது மார்க் என்று நினைத்து ஒரு நண்பர் ஆடிப்போய்விட்டார்.

மகளின் அட்டவணை இது. சொல்வழிப் புரிதல் 132, பெர்சென்டைலில் 98. தர்க்கம் 126. பார்வை-இடஞ்சார் திறன் 119. வேலை நினைவு 97. செயலாக்க வேகம் 80, பெர்சென்டைலில் 9. மொத்தம் 118. சுருக்கத்தில் எழுதியிருந்தது: "சராசரிக்கு மேற்பட்ட அறிவுத்திறன், குறிப்பிடத்தக்க கவலை இல்லை."

118 என்ற எண் பொய்யில்லை. ஆனால் 132-க்கும் 80-க்கும் நடுவே 52 புள்ளி. பிள்ளைகளின் எண்கள் நடுவிலிருந்து வழக்கமாக விலகும் அளவான திட்டவிலக்கம் இங்கே 15 புள்ளி. இது மூன்று திட்டவிலக்கத்துக்கும் மேல். இவ்வளவு பிளவு இருக்கும்போது மொத்த எண் யாரையும் விவரிப்பதில்லை. இத்தகைய நிலைக்கென்றே அந்தச் சோதனையில் பொதுத் திறன் குறியீடு என்று ஒன்று உண்டு. வேலை நினைவையும் வேகத்தையும் விட்டுவிட்டு மற்றவற்றை வைத்துக் கணக்கிடுவது. புதிதாகச் சோதிக்க வேண்டியதில்லை, இருக்கும் எண்களிலிருந்தே எடுக்கலாம். கேட்டால் போட்டுத் தருவார்கள். கேட்காவிட்டால் பல அறிக்கைகளில் அது இருக்காது. மகளுக்கு அது 130 வந்தது.

இனி அந்த 80-ஐ உடைக்க வேண்டும். கோடிங் 5, சிம்பல் சர்ச் 8. வரைய வேண்டிய இடத்தில் அதிகம் விழுந்திருக்கிறாள். தேடிக் கோடு போட வேண்டிய இடத்தில் நடுவுக்குச் சற்றுக் கீழே நிற்கிறாள். ஆகவே பெரும்பங்கு கை, மிச்சம் வேகம். பீரி சோதனையிலும் கைப் பகுதிதான் தாழ்ந்திருந்தது. இரண்டு வேறு ஆட்கள், இரண்டு வேறு சோதனைகள், ஒரே திசை. தணிக்கையில் இதைச் சான்று பொருந்துகிறது என்போம். ஒற்றை எண்ணை நம்பி எதையும் முடிவுகட்டாதீர்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு வீச்சு போட்டிருப்பார்கள், பிழை எல்லை அது. விஸ்க்கில் கட்டைகளை அடுக்கும் சோதனையிலும் கைவேகத்துக்குக் கூடுதல் புள்ளி உண்டு. அதை நீக்கிய எண்ணையும் கேட்டு வாங்கலாம்.

நேர்மாறாகவும் இருக்கலாம். கோடிங், சிம்பல் சர்ச் இரண்டும் சமமாகத் தாழ்ந்திருந்தால் கையைக் குறைசொல்லிப் பயனில்லை. கவனம், பதற்றம், தூக்கம் ஆகியவற்றை விசாரிக்க வேண்டும்.

கூட்டத்தில்

தனியாகப் போகாதீர்கள். கணவரோ தங்கையோ நண்பரோ, குறிப்பெடுக்க ஒருவர் வேண்டும். அறிக்கையைக் கூட்டத்துக்கு முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள். மேசையில் வைத்துப் புரட்டும்போது எந்த அம்மாவாலும் யோசிக்க முடியாது. நான் ஒரு தாளில் மூன்று எண்களை மட்டும் பெரிதாக எழுதிக்கொண்டு போனேன்: 132, 80, 31. முதல் இரண்டு அவர்களுடையவை, மூன்றாவது பத்து நிமிடச் சொற்கள். பேச்சு எங்கே திரும்பினாலும் அந்தத் தாளுக்கே திரும்பி வந்தேன்.

"அவ அளவுக்கு எழுதாத பிள்ளைங்க நிறைய இருக்காங்க மேடம்" என்றார்கள். இருக்கலாம். "அவங்க பேசறதும் எழுதறதும் இந்த அளவுக்கு விலகியிருந்தா அவங்களுக்கும் பாருங்க" என்றேன். "வளர்ந்தா சரியாயிடும்" என்றார்கள். வகுப்பு ஏற ஏற எழுத்தின் அளவும் கூடுகிறது. கை ஓரடி முன்னேறினால் பாடம் நான்கடி முன்னேறும். "சரியாயிடும்னா எந்தத் தேதிக்குள்ள, எதை வெச்சுப் பார்ப்போம்?" என்று கேளுங்கள்.

பள்ளி ஒப்புக்கொள்ளும் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் துணை நிற்கட்டும். செயலாக்க வேகத்துக்குக் கூடுதல் நேரம். கோடிங்குக்குப் பலகையைப் பார்த்து எழுதுவதிலிருந்து விலக்கு, அச்சிட்ட குறிப்பு. கணக்கில் இலக்கங்கள் வரிசை தவறினால் கட்டம் போட்ட தாள். பதிலுக்கு ஒரு மார்க், கையெழுத்துக்கு ஒரு மார்க் என்று பிரித்துப் போடுவது. வீட்டுப்பாடத்தில் கடினத்தைக் குறைக்காமல் எண்ணிக்கையைக் குறைப்பது: இருபது கணக்குக்குப் பத்து, ஆனால் கடைசிப் பத்து. எளிய பத்தைக் கொடுத்தால் பிள்ளைக்கு அலுப்புதான் மிச்சம். விளையாட்டு நேரத்தில் உட்காரவைத்து மிச்சத்தை எழுதவைக்கக் கூடாது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். கூடுதல் நேரம் பிள்ளையின் ஓய்விலிருந்து பிடுங்கியதாக இருந்தால் அது உதவியில்லை, தண்டனை.

இன்னொன்றுக்கும் காவல் இருங்கள். உதவி கிடைத்ததும் "இனி மேம்பட்ட பாடம் வேண்டாமே, அவளுக்குச் சுமை" என்று அன்பாகச் சொல்வார்கள். 132-க்கு உரிய பாடத்தை 80-ஐக் காட்டி மறுப்பதுதான் அது. வாய்மொழியாகப் பதில் சொல்ல விட்டு அந்தப் பாடத்தைக் கொடுக்கலாம்.

கணினி கொடுத்தால் தீர்ந்தது என்பதும் இல்லை. விசைப்பலகையில் எழுத்தைத் தேடித் தேடித் தட்டும் பிள்ளைக்கு அது இன்னொரு பென்சில். தட்டச்சு வேகம் கைவேகத்தைத் தாண்டும் வரை முறையாகச் சொல்லித்தர வேண்டும். அதுவரைக்கும் சொல்வதை எழுதித்தரும் ஆளோ பேச்சை எழுத்தாக்கும் செயலியோ வேண்டும். கைக்கான பயிற்சியையும் விட்டுவிட வேண்டாம். ஆனால் களிமண் பிசைவது, மணி கோப்பது மட்டும் எழுத்தைக் கொண்டுவராது. எழுதிப் பழகும் பகுதியும் அந்தப் பயிற்சிக்குள் இருக்க வேண்டும்.

ஒப்புக்கொண்டவை எல்லாம் அன்றாட வகுப்பிலேயே நடக்கட்டும். பல தேர்வு வாரியங்கள் பொதுத்தேர்வில் சலுகை தரும் முன், பிள்ளை வழக்கமாகவே இப்படித்தான் வேலை செய்கிறதா என்று கேட்கும். தேர்வு வருடத்தில் அவசரமாகக் கேட்பவர்களுக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. எந்தச் சோதனையில் எவ்வளவு கூடுதல் நேரம் கொடுத்தார்கள், அதை முழுதும் பயன்படுத்தினாளா என்று ஆசிரியர் ஒரு வரி குறித்து வைத்தால் போதும்.

ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் புது ஆசிரியருக்கு நான் ஒரு பக்கத் தாள் கொடுக்கிறேன். முழு அறிக்கையை யாரும் வாசிக்கமாட்டார்கள், அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அவள் எதில் கெட்டி, எதில் தடுமாறுவாள், எந்த ஏற்பாடு ஒப்புக்கொள்ளப்பட்டது, பழைய ஆசிரியருக்கு எது பலித்தது. கடைசி வரியை மகள் தானே சொல்லி என்னை எழுதவைத்தாள்: "எழுதி முடிச்சிட்டியான்னு கேக்காதீங்க. பதில் தெரியுமான்னு கேளுங்க."